ஒரே கூரையின் கீழ் இரண்டு வயது

அவளுக்கு வேறொரு பெயர் உண்டு. வங்கியில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி அந்தத் தொழிற்பேட்டையில் லாரிக்காரரிலிருந்து மீட்டர் பார்க்க வருகிறவர்வரை எல்லோருக்கும் அவள் மூடியம்மா. மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிறவள். யார் வீட்டுக்குப் போனாலும், நோயாளியைப் பார்க்கப் போன வீடாகவே இருந்தாலும், முதலில் கண் அலமாரிக்குத்தான் போகும். இருமல் மருந்தை எடுத்து ஒரு திருகு திருகுவாள். "நம்மளுது" என்று முகம் மலர்ந்த பிறகுதான் "உடம்பு எப்படி இருக்கு?" என்பாள். "நம்மளுது இல்ல" என்றால் நோயாளியின் பாடு திண்டாட்டம். எந்தக் கடையில் வாங்கினது, யார் எழுதிக் கொடுத்தது என்று விசாரணையே நடக்கும்.

தொழில் தொடங்குவதற்கு முன் ஒரு வாளித் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் வேலையில் இருந்தாள். வாளியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் ஓரமாக எறிய வேண்டும். நாள் முழுக்க அப்படி வாளி வாளியாகச் சின்னச் சின்ன வானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் காதுகள், பக்கத்தில் ஓடும் மெஷின்களைக் கற்றுக்கொண்டன. அச்சு மூடும் சத்தம், உருகிய பிளாஸ்டிக் பாயும் சீறல், ஆறுவதற்கான மௌனம், பிறகு ஒரு 'தொப்'. எந்த மெஷினுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

வாளி முதலாளி ஒரு பழைய மெஷினை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷினுக்கு வங்கி கடன் தந்தது. ஆனால் அச்சு வேண்டும், பிளாஸ்டிக் குருணை வேண்டும், கொட்டகைக்கு வாடகை, முதல் சில மாதச் சம்பளம் எல்லாம் வேண்டும். அதற்கெல்லாம் வங்கி வாய் திறக்கவில்லை. அவள் கணவன் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். "என் கையில இருக்கிறது அடுத்தவன் ரத்தம்தான்" என்று கையை விரித்துவிட்டான். மிஞ்சியது அக்காவின் கணவர். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர். கையில் காசு புரளும் மனிதர், அதைவிடப் பேச்சு புரளும் மனிதர்.

"தர்றேன்" என்றார் அத்தான். "நூறுல நாற்பது பங்கு என் பேருக்கு."

"நாற்பதா? அத்தான், நீங்க தர்ற காசுக்கு இருபதே ஜாஸ்தி."

"இங்க பாரு. வங்கிக்காரன் உன்கிட்ட மாட்டினாலும் மெஷினைத் தூக்கிட்டுப் போவான். நீ கவுந்தா நான் எதைத் தூக்கிட்டுப் போறது? உங்க அக்காவையா? அவளைத்தான் அப்பவே தூக்கிட்டு வந்தாச்சே."

"தூக்கிட்டு வந்த அழகைப் பார்" என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "அன்னிக்கு உங்க முதுகு பிடிச்சுக்கிட்டது இன்னும் விடல."

மூடியம்மா இருபத்தைந்து என்றாள், முப்பது என்றாள். அத்தான் அசையவில்லை. "நீ நாளைக்கு இருப்பியா மாட்டியான்னு உனக்கே தெரியாது. தெரியாத்தனத்துக்கு ஒரு விலை இருக்கு கொழுந்தியா. அதைத்தான் கேக்கறேன்" என்றார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். தன் திறமையை அவர் மட்டமாக எடைபோட்டுவிட்டதாகவே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் ஓடியது. முதலில் ஒரு சத்து மருந்துக் கம்பெனி, பிறகு இருமல் மருந்துக் கம்பெனிகள். இரண்டாவது மெஷின் வந்தது, மூன்றாவது வந்தது. நான்காவது வாங்கக் கூடுதலாகப் பங்குப் பணம் தேவைப்பட்டபோது, உடன் படித்த தோழி ஒருத்தி முன்வந்தாள். பள்ளி ஆசிரியை. அத்தான் கொடுத்ததைவிட அதிகமாகவே கொடுத்தாள், நூறில் பத்துப் பங்கோடு திருப்தியடைந்தாள். "உன் மூடி இல்லாத பாட்டிலே எங்க வீட்டுல இல்லடி. அப்புறம் என்ன பயம்?" என்றாள். மூடியம்மாவுக்கு அப்போதும் புரியவில்லை; தோழி நல்லவள், அத்தான் கறார்ப் பேர்வழி, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

இன்னும் சில வருடங்களில் கொட்டகை சொந்தமானது. கடன் தீர்ந்தது. மெஷின்கள் வாங்குவது நின்றது, லாபம் நிற்கவில்லை. அப்போதுதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. வருடக் கணக்கு முடிந்ததும் ஒரு விடுமுறை நாளில் பங்குதாரர்கள் எல்லோரும் தொழிற்சாலைக்கு வருவார்கள். மூடிகளை எண்ணிப் பையில் போடும் நீள மேசையைத் துடைத்துவிட்டு, குருணை மூட்டைகளை இழுத்துப்போட்டு உட்காருவார்கள். அவரவர் பங்கு லாபம் அந்த மேசையில் வைத்துக் கொடுக்கப்படும். ஒரு வருடமும் அது தவறியதில்லை, முந்தைய வருடத்தைவிடக் குறைந்ததுமில்லை. அது அவளுக்குக் கௌரவப் பிரச்சினை. அந்த நாட்களில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதியர் தேடிவந்து, அத்தானிடமிருந்து கொஞ்சம் பங்கை அவர் போட்டதைப்போலப் பல மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். "பெரிசா ஒண்ணும் வேணாம்மா. வருஷா வருஷம் சொன்னபடி வந்தா போதும்" என்றார்கள்.

அன்று அவள் கணவனிடம் சொன்னாள்: "பாருங்க, உயிர் போற மாதிரி காசு வேணும்னு நின்னப்போ ஆளை உரிச்சு எடுத்தாங்க. இப்ப வேணாம்னு உட்கார்ந்திருக்கேன், கொஞ்சமா வந்தா போதும்னு கொண்டுவந்து கொட்டறாங்க."

"எங்க கூடத்துலயும் அப்படித்தான்" என்றான் அவன். "ஆரோக்கியமா இருக்கிறவன்தான் சந்தோஷமா கையை நீட்டுவான்."

பிறகு மருந்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பாட்டிலைக் கைவிட்டுப் பொட்டலத்துக்கு மாறத் தொடங்கின. கிழித்து வாயில் ஊற்றிக்கொள்ளும் பொட்டலம். மூடி என்ற சங்கதியே தேவையில்லை. ஒரு வருடம் லாபம் இளைத்தது. மேசை நாள் நெருங்கியது. கொடுக்கிற தொகை குறைந்தால் முகங்கள் வாடுமே என்று பயந்தாள். பழைய மெஷின் இரண்டை விற்றாள். எப்படியும் விற்க வேண்டியவைதான். புது வகை மூடி செய்யும் நீளமான மெஷினுக்கு அவை நின்ற இடம் தேவைப்பட்டது. ஆனால் விற்ற பணத்தை அந்த மெஷினுக்கென்று எடுத்துவைக்காமல், லாபத்தோடு சேர்த்து மேசையில் வைத்துவிட்டாள். மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் புது வகை மூடிதான் அவளுடைய நம்பிக்கை. அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும். சின்னப் பிள்ளைகளால் முடியாது. மாத்திரை டப்பாக்களுக்கு அப்படியொரு மூடி வேண்டும் என்று பெரிய மருந்துக் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. பருவமழை தொடங்குவதற்குள் சரி என்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மெஷினும் அச்சும் வாங்கப் பெரிய தொகை தேவை. கடன் தர வங்கி யோசித்தது. பங்குப் பணம்தான் வழி.

முதலீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பெரிய வட்டக் கண்ணாடி, சத்தமில்லாத செருப்பு. இரண்டு நாள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். மெஷின் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்றாவது முறை வந்தபோது மேசையில் கையைக் கோத்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க பணம் போடறோம் மேடம். ஆனா கம்பெனியில மூணுல ஒரு பங்கு எங்களுக்கு வேணும்."

மூடியம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். கைவசமிருக்கும் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு, மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டியதாகச் சுருங்கிவிடும். அதன்பின் அவள் வைத்தது சட்டமில்லை. கொட்டகை நிலத்தை விற்கலாம் என்று மற்றவர்கள் சேர்ந்து முடிவெடுத்தால் அவள் தன் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"ஏம்மா, ஓய்வுபெற்றவங்க கொடுத்த விலைல பாதிகூட இல்லையே இது? நான் என்ன நேத்துக் கடை திறந்தவளா?"

"இல்ல மேடம். நேத்துத் திறந்திருந்தாலும் விலை இப்படித்தான் இருக்கும். நாளைக்கு மூடறதா இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். நடுவுல இருக்கிறவங்களுக்குத்தான் பணம் மலிவு."

"நான் நடுவுல இல்லைன்னு உனக்கு யாரு சொன்னது?"

கண்ணாடிப்பெண் தயங்கினாள். பிறகு எழுந்து போய், மெஷின்கள் நின்றிருந்த வெற்றுத் தரையைக் காட்டினாள். "கம்பெனிக்கும் வயசு உண்டு. ஆனா பிறந்த வருஷத்தை வச்சுப் பார்க்கறதில்ல. காசு எங்கேர்ந்து வருது, எங்க போகுதுன்னு பார்ப்போம். குழந்தையா இருக்கறப்போ வெளியில இருந்து வாங்கி எல்லாத்தையும் மெஷின்ல போடுவாங்க. வளர்ந்தப்புறம் தொழில்லயே வரும், கொஞ்சம் மெஷினுக்கு, கொஞ்சம் பங்குதாரருக்குப் போகும். போன வருஷம் நீங்க மெஷினை வித்து, அந்தக் காசைப் பங்குதாரருக்குக் கொடுத்திருக்கீங்க. அது வயசானவங்க நடை மேடம். வயசானவங்ககிட்ட பணம் போடறவன் பயந்துக்கிட்டேதான் போடுவான். பயத்துக்குத் தக்கபடி வருமானம் கேப்பான். அதுதான் பங்குப் பணத்தோட விலை. வட்டி மாதிரி எழுதி வாங்க மாட்டான், பங்காவே வெட்டி எடுத்துக்குவான்."

மூடியம்மாவுக்குச் சுருக்கென்றது. நாலு வார்த்தை சூடாகக் கேட்க வாயெடுத்தாள். ஆனால் கண் தரையில் இருந்தது. மெஷின்களைப் பெயர்த்த இடத்தில் போல்ட் ஓட்டைகள், பல் விழுந்த ஈறு மாதிரி. பெண் சொன்னதில் பொய்யில்லை. முகம் வாடக்கூடாது என்று செய்தது, தன் கம்பெனிக்குத் தானே கிழ வேஷம் போட்டுவிட்ட காரியமாகியிருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் நல்ல ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டு போன அதே தொகையை, வெளியிலிருந்து வந்தவள் நோய் என்று படித்திருக்கிறாள்.

"அத்தான் அன்னிக்குக் கேட்டதும் இதைத்தானா?" என்று அவள் தனக்குள் முணுமுணுத்தாள்.

"யாரு மேடம்?"

"ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு வாரம் குடும்மா."

அன்று மாலையே அத்தான் வீட்டுக்குப் போனாள். அவர் காலை முக்காலியில் நீட்டி, முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் வேலையை விட்டு நாளாகிவிட்டது.

"அத்தான், ரெண்டு வருஷத்துக்கு மேசை கிடையாது. வர்ற லாபமெல்லாம் புது மெஷினுக்கு. அப்படிச் செஞ்சா வெளியாள் காசு கொஞ்சம் வாங்கினா போதும்."

எண்ணெய்க் கை அந்தரத்தில் நின்றது. "மேசை கிடையாதா? என் முழங்கால் ஆபரேஷனுக்கு நீ வந்து பண்ணுவியா? மூடியைத் திருகற மாதிரி திருகி விட்ருவியா?"

"அன்னிக்கு நாற்பது பங்கை அடிச்சுப் பிடுங்கினீங்களே, அந்த மனுஷன் எங்க போனார்?"

"அவன் செத்துட்டான்" என்றார் அத்தான் சாவகாசமாக. "அவனுக்கு முட்டி வலி இல்ல, முடி இருந்தது. போனா போகட்டும்னு போட்டான், அதனால பத்து மடங்கு கேட்டான். இப்ப இருக்கறவன் வேற ஆள். உன் பழைய கம்பெனிக்கும் எனக்கும் ஜோடிப் பொருத்தம் பிரமாதம். ரெண்டு பேரும் மெதுவா நடக்கறோம், சொன்ன நேரத்துக்கு வர்றோம். நடுவுல ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து எங்க மடியில போடறியே, நியாயமா?"

"குழந்தையைப் பார்த்துக்க ஒரு தனி ஆள் வைக்க வேண்டியதுதானே" என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே. கேலியாகத்தான் சொன்னாள்.

மூடியம்மா எழுந்துவிட்டாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது, குடிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து போகையில் அவளுக்குள் அச்சு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒரே கொட்டகைக்குள் இரண்டு வயது இருக்கிறது. ஒன்று நிதானமாக நடக்கிறது. பொட்டலம் வந்தாலும் இன்னும் பல வருடம் நடக்கும், ஏனென்றால் எல்லா மருந்தையும் பொட்டலத்தில் அடைக்க முடியாது. மற்றொன்று இன்னும் பிறக்கவேயில்லை. இரண்டையும் ஒரே தராசில் போட்டு ஒரே விலை கேட்டால், கிழவருக்குக் குழந்தையின் பயம் ஏறுகிறது, குழந்தைக்குக் கிழவரின் தளர்ச்சி ஏறுகிறது. இரண்டுக்கும் நஷ்டம்.

ஒரு வாரத்தில் எல்லாப் பங்குதாரர்களையும் கூட்டினாள். புது மூடிக்குத் தனிக் கம்பெனி. வெற்றுத் தரைக்கும் மின்சாரத்துக்கும் அது பழைய கம்பெனிக்கு வாடகை தரும். விரும்புகிறவர்கள் அதில் பணம் போடலாம், வேண்டாதவர்களுக்கு எந்தப் பாதகமும் இல்லை. பழைய கம்பெனி இனி உண்மையாகச் சம்பாதித்ததை மட்டும் பகிரும். "குறைஞ்சா குறைஞ்சதுதான். மெஷினை வித்து உங்க முகத்துக்குப் பவுடர் போடமாட்டேன்" என்றாள். ஓய்வுபெற்ற தம்பதியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையெழுத்திட்டார்கள். ஆசிரியை சிறுதொகை போடுவதாகச் சொன்னாள். அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு, "குழந்தைக்கு என் ஆசீர்வாதம் மட்டும் உண்டு, செலவில்லாதது" என்றார்.

போன வருடம் தன் பங்குக்கு வந்த பணம் முழுவதையும் மூடியம்மா அச்சுக்குக் கட்டினாள். பிறகு கண்ணாடிப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நல்ல யோசனைதான் மேடம். ஆனா இது பச்சைக் குழந்தை. விலை இன்னும் ஏறும். எங்க ஆபீஸ்ல பாதிக்குப் பாதி கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் குழந்தை விலை தர்றேன். ஆனா எவ்வளவு நாளைக்குக் குழந்தை?" மூடியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "மொத்தப் பணத்தையும் இன்னிக்கே வாங்கினா மொத்தத்துக்கும் குழந்தை விலை. எனக்கு இப்ப ஒரு மெஷின் வாங்கற அளவு மட்டும் குடு. அதுக்கு நூறுல இருபத்தஞ்சு பங்கு எடுத்துக்கோ, நான் முகம் சுளிக்கமாட்டேன். மூடியைச் செஞ்சு, சோதனையில ஜெயிச்சு, மருந்துக் கம்பெனி ஆர்டர்ல கையெழுத்து போட்டதும் குழந்தை நடக்க ஆரம்பிச்சிரும். மீதிப் பணத்தை அப்ப வாங்கிக்கறேன், நடக்கற பிள்ளை விலைக்கு. பன்னிரண்டுக்கு மேல போகக்கூடாது."

"சோதனையில தோத்தா?"

"தோத்தா உன் மிச்சக் காசு தப்பிச்சுது. உனக்கும் நல்லதுதானே?"

 பெண்ணின் உதட்டோரம் மெல்ல ஏறியது. "இதை எங்க ஆபீஸ்ல நான்தான் முன்னாடி சொல்லியிருக்கணும்" என்றாள்.

அப்படியே ஒப்பந்தம் எழுதினார்கள். மெஷின் வந்தது. போல்ட் ஓட்டைகளை அடைத்துப் புதுத் தளம் போட்டார்கள். மழைக்கு முன்பே அவள் சரி என்று சொல்லிவிட்டதால் மருந்துக் கம்பெனியும், முதல் மூடிகளைச் சோதித்துப் பார்த்து முடிவு சொல்வதாக ஒத்துக்கொண்டது. சோதனைக்கு ஆசிரியை தன் பள்ளியின் பெரிய அறையைக் கேட்டு வாங்கித் தந்தாள்.

சிறு பிள்ளைகளிடம் காலி டப்பாக்களைக் கொடுத்துத் திறக்கச் சொன்னார்கள். அறை போர்க்களமானது. கடித்தார்கள், உருட்டினார்கள், ஒருவன் டப்பாவோடு சமாதானமாகப் பேசிப் பார்த்தான். ஒரு பெண்குழந்தை மட்டும் டப்பாவை வயிற்றோடு அழுத்திக்கொண்டு திருகியபோது மூடியம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். மூடி சுற்றியது, 'க்ளிக் க்ளிக்' என்று சும்மா சுற்றியது, திறக்கவில்லை. குழந்தை அதைச் சலங்கை போல ஆட்டிக்கொண்டே போய்விட்டது.

சோதனையின் இரண்டாவது பாதிதான் பலருக்குத் தெரியாதது: பெரியவர்களால் திறக்க முடிய வேண்டும். வயதானவர்கள் வரிசையில் அத்தான் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் திறந்து முடித்துவிட்டார்கள். அவர் திருகினார், முறைத்தார், மறுபடி திருகினார். கையில் குறிப்புப் பலகையோடு மருந்துக் கம்பெனி அதிகாரி காத்திருந்தார். கண்ணாடிப்பெண் சுவரோரமாக நின்றாள்.

"கொழுந்தியா, என்னைப் பழிவாங்கத்தானே செஞ்சிருக்கே இதை?"

"மேல எழுதியிருக்கிறதைப் படிங்க அத்தான்."

"கண்ணாடி கொண்டுவரல."

"படமும் போட்டிருக்கு!"

அவர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையை மேலே வைத்து ஓர் அழுத்து, ஒரு திருகு. மூடி கையோடு வந்தது. "சுலபம்தான்" என்றார், அத்தனை நேரமும் வேறு யாரோ திண்டாடியதுபோல.

அதிகாரி ஆர்டர்த் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனபின், கண்ணாடிப்பெண் மூடியம்மாவிடம் வந்தாள். "வாழ்த்துகள் மேடம். மீதிப் பணம், பன்னிரண்டு பங்கு. நாளைக்கே எழுதிடலாமா?"

மூடியம்மா தரையில் சிதறிக் கிடந்த டப்பாக்களைப் பொறுக்கி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். "பன்னிரண்டுக்கு மேல போகக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கு. கீழ வரலாம்ல? பத்து."

"மேடம்!"

"அன்னிக்குச் சோதனை முன்னால இருந்தது. இப்ப பின்னால இருக்கு. பயம் குறைஞ்சா விலையும் குறையணும்னு நீதானே சொல்லிக் கொடுத்தே?"

பெண் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். அங்கே அவள் நடப்பதும் நிற்பதும், யாரிடமோ தலையை ஆட்டுவதும் ஜன்னல் வழியே தெரிந்தது. திரும்பி வந்து, "பத்தரை. அதுக்குக் கீழ என் வேலை போயிரும்" என்றாள்.

"சரி" என்றாள் மூடியம்மா. "அந்தப் பக்கத்தைப் பிடிம்மா. பெட்டி கனமா இருக்கு."